ஒரு குவளைத் தண்ணீரும் சில சுவர்களும்: ஓவியர் பென் ஷான்

லிதுவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பென் ஷானைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "சுவரோவியர் என்கிறார்கள், புகைப்படக்காரர் என்கிறார்கள், போஸ்டர் வரைந்தவர் என்கிறார்கள். இவர் உண்மையிலேயே பெரிய ஓவியரா, இல்லை ஏழைகள் பக்கம் நின்றதால் பேசப்படுகிறவரா? இவர் வாழ்க்கையை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?" என்பது உங்கள் கேள்வி.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அரசியலிலிருந்து தொடங்குவார்கள். நான் ஓர் அச்சகத்திலிருந்து தொடங்குகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1913 வாக்கில், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு லித்தோ அச்சகம். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தொழில் பழக வந்து சேர்கிறான். படிப்பில் ஆசை உள்ள பையன்தான். ஆனால் வீட்டில் காசு இல்லை. அம்மா பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டாள். அந்த மனக்குறை ஷானுக்கு வெகுகாலம் இருந்தது. லித்தோ என்பது கல்லில் எழுதி அச்சடிக்கும் தொழில். வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக்கல்லின் மேல் கொழுப்பு மையால் எழுத வேண்டும், அதுவும் இடவலம் மாற்றி. பெரிய தப்பு வந்துவிட்டால் கல்லை மறுபடி தேய்க்க வேண்டியதுதான். அங்கே அவனுக்குக் கிடைத்த பயிற்சி, ஆங்கில எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதுவது.

எழுத்து வந்துவிட்டது, இடைவெளி வரவில்லை. அளவுகோல் வைத்துச் சம தூரத்தில் எழுதினால் வார்த்தை பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது. நிமிர்ந்து நிற்கும் இரண்டு 'ஐ' எழுத்துகளுக்கு நடுவே சரியாக இருக்கும் தூரம், ஒரு 'எல்'லும் ஒரு 'ஏ'வும் பக்கத்தில் வந்தால் பெரிய பள்ளமாகிவிடுகிறது. அப்போது அச்சக மேஸ்திரி ஒரு வழி சொன்னார். சின்ன அளவுக் குவளையில் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள். அதை இரண்டு எழுத்துக்கு நடுவே ஊற்று. இடுக்கு என்ன வடிவத்தில் இருந்தாலும் சரி, ஒவ்வொன்றிலும் அதே அளவு தண்ணீர்தான் பிடிக்க வேண்டும். ஐம்பது வருடம் கழித்து, எழுத்துக்கலை பற்றி எழுதும்போது ஷான் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தக் குவளையை மனதில் வைத்துக்கொண்டு அவர் படம் எதையாவது பாருங்கள். 1939-இல் வரைந்த 'ஹேண்ட்பால்' படத்தையே எடுத்துக்கொள்ளலாம். இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தின் பெரும்பகுதி வெறும் சுவர். அதற்குக் கீழே சில பையன்கள், முதுகைக் காட்டிக்கொண்டு, பந்து வரும் திசையைப் பார்த்து நிற்கிறார்கள். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் நடுவே விட்டிருக்கும் வெற்றிடத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. அங்கே ஊற்றிய தண்ணீரின் அளவு எனக்குத் தெரிகிறது. அரசியல் எதுவும் தெரியாத ஒருவர் பார்த்தாலும் அந்தப் படம் அவரை நிறுத்தி வைக்கும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆமாம், பெரிய ஓவியர். கையின் தொழில் முதலில் வந்தது, மற்றதெல்லாம் அப்புறம் வந்தது.

இனி அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கலாம். ஷான் பிறந்தது 1898 செப்டம்பர் 12, கோவ்னோவில். இன்று கௌனஸ் என்கிறார்கள். அன்றைக்கு ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த ஊர். யூதக் குடும்பம். அப்பா மரத்தில் செதுக்கு வேலை செய்கிறவர். 1902-இல், புரட்சிக்காரர்களோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் அவரைச் சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வில்கோமிர் என்ற சிற்றூருக்குப் போனாள். அப்பா சைபீரியாவிலிருந்து தப்பி, சுற்றிவளைத்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1906-இல் குடும்பம் அவரிடம் வந்து சேர்ந்தது. புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் குடித்தனம். அப்போது பையனுக்கு எட்டு வயது.

வேதபாடத்தில் படித்த ஒரு கதையைப் பற்றி ஷான் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடன்படிக்கைப் பெட்டியை மாட்டுவண்டியில் கொண்டுபோகும்போது மாடுகள் தடுமாறுகின்றன. பெட்டி விழுந்துவிடாமல் ஒருவன் கை நீட்டித் தாங்குகிறான். தொடக்கூடாததைத் தொட்டான் என்று கடவுள் அவனை அங்கேயே சாகடிக்கிறார். நல்லது செய்யப் போனவனுக்கு இந்தக் கதியா என்று சிறுவனுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபம் அவரைவிட்டுப் போகவில்லை.

பகலில் அச்சகம், இரவில் பள்ளி. பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கொஞ்சம், சிட்டி காலேஜ் கொஞ்சம், நேஷனல் அகாடமி ஆஃப் டிசைனில் ஓவியம். 1922-இல் டில்லி கோல்ட்ஸ்டைனை மணந்தார். இருபதுகளில் இருவரும் இரண்டு முறை ஐரோப்பாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போய் வந்தார்கள். செசான், மத்தீஸ், ருவோ என்று அன்றைக்குப் பாரிஸில் பேசப்பட்ட அத்தனை பேரையும் பார்த்து, அவர்கள் மாதிரி வரைந்தும் பார்த்தார். நன்றாகவே வந்தது. ஆனால் அது தன் குரல் இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. முப்பது வயது தாண்டியும் சொந்தக் குரல் அகப்படாத நிலை.

குரல் அகப்பட்டது இரண்டு இத்தாலியர்களால். நிக்கோலா சாக்கோ செருப்புத் தொழிலாளி. பார்த்தொலோமியோ வான்செட்டி மீன் விற்றவர். இருவரும் 1908-இல் அமெரிக்காவில் குடியேறியவர்கள், அரசாங்கமே வேண்டாம் என்கிற அராஜகவாதக் கொள்கைக்காரர்கள். 1920 ஏப்ரலில் மாசசூசெட்ஸின் சவுத் பிரெய்ன்ட்ரியில் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்து இரண்டு பேரைக் கொன்ற வழக்கில் இவர்களைப் பிடித்தார்கள். வழக்கு நடந்த விதத்தில், வந்தேறிகள், தீவிரவாதிகள் என்ற வெறுப்புதான் மேலோங்கி நின்றது என்று உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. ஆளுநர் அமைத்த மூவர் குழுவில் ஹார்வர்டின் தலைவரும் எம்.ஐ.டி.யின் தலைவரும் இருந்தார்கள். விசாரணை நியாயமாகவே நடந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். 1927 ஆகஸ்ட் 23 அன்று இருவரையும் மின்நாற்காலியில் உட்கார வைத்துக் கொன்றார்கள்.

1931-32இல் ஷான் இதைப் பற்றி 23 படங்கள் வரைந்தார், கூவாஷ் என்ற கெட்டியான நீர்வண்ணத்தில். பெரும்பாலும் செய்தித்தாளில் வந்த புகைப்படங்களை வைத்து வரைந்தவை. சாக்கோவும் வான்செட்டியும் கைவிலங்கோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது பெரிய படம், விட்னி அருங்காட்சியகத்தில் உள்ளது. திறந்த சவப்பெட்டிகளில் இருவரும் கிடக்கிறார்கள். தலைமாட்டில் அந்த மூவர் குழு, இரண்டு பேர் கையில் லில்லிப் பூவோடு. பின்னால் கட்டடத்துக்குள், சத்தியம் செய்வதுபோல் கை தூக்கிய நீதிபதியின் உருவம். மூவரின் முகத்தையும் அவர் கோரமாக்கவில்லை. பல்லை நறநறவென்று கடிக்கும் வில்லன்களாக வரைந்திருக்க முடியும். அவர்களோ சாவு வீட்டுக்கு வந்த கனவான்கள் மாதிரி, மரியாதையாக, கொஞ்சம் அலுப்போடு நிற்கிறார்கள். பார்க்கிற நமக்கு வயிறு கலங்குகிறது. வெறும் பிரச்சாரக்காரரால் இதைச் செய்ய முடியாது.

1932-இல் நியூயார்க்கில் ஈடித் ஹால்பெர்ட்டின் டவுன்டவுன் கேலரியில் இந்தப் படங்களை வைத்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர் மெக்சிகோவின் சுவரோவியர் டியகோ ரிவேரா. ஷானின் அடுத்த வரிசை, சிறையில் இருந்த தொழிற்சங்கவாதி டாம் மூனியைப் பற்றியது; அதன் காட்சிக்கு முன்னுரை எழுதியவர் ரிவேராதான். கையோடு, ராக்ஃபெல்லர் சென்டரில் தான் வரையவிருந்த சுவரோவியத்துக்கு உதவியாளாகவும் ஷானைச் சேர்த்துக்கொண்டார். ஷானை ரிவேராவின் சீடர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கைநிறையத் தன் படங்களோடு போய்ச் சேர்ந்தவர் அவர். ரிவேராவிடம் கற்றது சுவரை.

அது என்ன சுவரைக் கற்பது? ஃப்ரெஸ்கோ என்ற முறையில் காய்ந்த சுவரில் வரைவதில்லை. சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைச் சுவரில் அடுக்கடுக்காகப் பூசி, கடைசியாக ஒரு மெல்லிய பூச்சுப் பூசுவார்கள். அது ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் குழைத்த வண்ணப்பொடியைத் தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். பசை கிடையாது, எண்ணெய் கிடையாது. சுண்ணாம்பு காற்றை வாங்கி இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு சேர்த்துக் கல்லாக்கிவிடும். அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்குத்தான் கொத்தனார் காலையில் பூச வேண்டும். தப்பு வந்தால் அழிக்க வழியில்லை. அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். கல்லில் எழுதிப் பழகிய கைக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதில்லை. அச்சகத்தில் கற்ற பொறுமை இங்கே பயன்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தச் சுவருக்கு என்ன ஆனது என்பது ஊரறிந்த கதை. ரிவேரா படத்தில் லெனின் முகத்தை வைத்தார். 1933 மே மாதம், கட்டடத்துக்குச் சொந்தக்காரக் குடும்பத்தின் நெல்சன் ராக்ஃபெல்லர் அதை மாற்றச் சொன்னார். ரிவேரா மறுத்தார். வேலையை நிறுத்தி, கூலியைக் கொடுத்து, வெளியே அனுப்பிவிட்டார்கள். 1934 பிப்ரவரியில் ஓர் இரவோடு இரவாகச் சுவரையே உடைத்துத் தள்ளினார்கள். உதவியாளர்களில் லூசியென் பிளாக் என்ற பெண் ஒளித்துக் கொண்டுபோன கேமராவில் எடுத்த புகைப்படங்கள்தான் மிச்சம். சுவரோவியம் என்பது சுவர் யாருடையதோ அவர் தயவில் இருப்பது என்று ஷான் முதல் வேலையிலேயே தெரிந்துகொண்டார். அடுத்து, ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்காக லூ பிளாக் என்ற ஓவியரோடு சேர்ந்து மாதக்கணக்கில் தயாரித்த திட்டத்தையும் நகரத்தின் கலை ஆணையம் தள்ளிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் கேமரா வருகிறது. ஷான் கொஞ்சகாலம் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸோடு ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார். கையடக்க லைக்கா ஒன்று கிடைத்தது. அதில் ஒரு கோணக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்; நேரே ஒரு பக்கம் பார்ப்பதுபோல் நின்று, பக்கவாட்டில் இருப்பவரைப் படம் எடுக்கலாம். தெருவில் தம்மை மறந்து நிற்கும் மனிதர்கள் அப்படித்தான் அவருக்குக் கிடைத்தார்கள். 1935-இல் ரூஸ்வெல்ட் அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெர்னார்டா பிரைசனோடு காரில் தெற்கு மாநிலங்களைச் சுற்றினார். பெர்னார்டாவும் ஓவியர், பின்னாளில் அவருடைய மனைவி. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி ஊர்கள், ஆர்கன்சாஸின் பருத்திக் காடுகள். நியூயார்க்கைத் தாண்டி அமெரிக்காவை அவர் பார்த்தது அப்போதுதான். வறுமை என்று ஒன்றைப் பற்றி அதுவரை தனக்கு இருந்த கோட்பாடெல்லாம் அந்தப் பயணத்தில் கரைந்து போனதாக அவரே சொல்லியிருக்கிறார். பார்த்தது ஆட்களை. ஒவ்வொருவரும் ஒரு மாதிரி தொப்பி வைத்திருந்தார்கள், ஒரு மாதிரி கையைக் கட்டி நின்றார்கள். பிற்காலத்துச் சுவர்களில் நிற்கும் பலர் இந்தப் புகைப்படங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவது குறுக்குவழி இல்லையா என்று சிலர் கேட்பார்கள். புகைப்படத்தையும் ஓவியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை எடுத்துவிட்டார், எவரை இரண்டடி தள்ளி நிறுத்தினார் என்று தெரியும். திரும்பவும் அந்தக் குவளைதான்.

சரி, இப்போது முக்கியமான சுவருக்கு வருவோம். நியூஜெர்சியில் ஜெர்சி ஹோம்ஸ்டெட்ஸ் என்று ஓர் ஊர். நியூயார்க்கின் யூதத் தையல் தொழிலாளர்களை நெரிசலான குடியிருப்புகளிலிருந்து வெளியே கொண்டுவந்து, கூட்டுறவுத் தொழிற்சாலை, கூட்டுறவுப் பண்ணை என்று வாழவைக்க அரசு கட்டியது. 1936-இல் ஆட்கள் குடிவந்தார்கள். சுமார் 200 வீடுகள், தட்டைக் கூரையோடு. குடும்பத்துக்கு 500 டாலர் முன்பணம். அந்த ஊரின் சமுதாயக் கூடத்தில், இப்போது பள்ளியாக இருக்கும் கட்டடத்தில், ஷான் 1937-38இல் ஒரு ஃப்ரெஸ்கோ வரைந்தார். 45 அடி நீளம், 12 அடி உயரம்.

இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டிய சுவர் அது. இடதுபக்கத்தில் ஒரு நாஜிப் படைவீரன், யூதர்களிடம் வாங்காதீர்கள் என்ற அறிவிப்போடு. சவப்பெட்டிகள், அவற்றில் சாக்கோவும் வான்செட்டியும். இங்கேயும் அவர்களைக் கொண்டுவந்துவிட்டார். கீழே கப்பலிலிருந்து இறங்கும் பலகைப் பாலத்தில் ஒரு கூட்டம் நம்மை நோக்கி வருகிறது. முன்வரிசையில் கையில் பையோடு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அவர் 1933-இல்தான் அமெரிக்காவில் குடியேறினார், இந்த ஊர்த் திட்டத்தை ஆதரித்தவரும்கூட. பக்கத்தில் மின்பொறியியல் மேதை சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸ், அவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர். அந்தக் கூட்டத்தில் ஷானின் அம்மாவும் வருகிறாள். உலகத்துக்குத் தெரிந்த விஞ்ஞானியும், பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அச்சகத்துக்கு அனுப்பிய ஏழைத் தாயும் ஒரே பலகையில், ஒரே அளவில். யார் உசத்தி என்ற பேச்சே அங்கே இல்லை.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். 1924-இல் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்து, கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு மிகச் சிறிய ஒதுக்கீடு வைத்தது. ஷான் இந்தச் சுவரில் வேலை செய்த நாட்களில் ஜெர்மனி யூதர்கள் போக இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கப் பணத்தில், அரசாங்கக் கட்டடத்தில், கதவு திறந்திருந்த காலத்தின் படத்தை அவர் வரைந்தார். அதை வெறும் பழைய நினைவாக என்னால் பார்க்க முடியவில்லை.

நடுவில் தையல் பட்டறைகள், தொழிற்சங்கக் கூட்டம். வலதுபக்கத்தில் தலைவர்களும் அதிகாரிகளும் புது ஊரின் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், சுவரில் ரூஸ்வெல்ட் படம். மனதில் பட்டதைச் சொல்கிறேன்: வலதுபக்கம் எனக்கு அவ்வளவு பிடிக்காது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் குழுப் புகைப்படத்துக்கு உட்கார்ந்தது மாதிரி இருக்கிறார்கள். துக்கத்தையும் பயணத்தையும் வரையத் தெரிந்த கைக்கு, எதிர்காலம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஊரிலும் அப்படித்தான் ஆனது. கூட்டுறவுத் தையல் தொழிற்சாலை சில ஆண்டுகளிலேயே நொடித்துப் போனது. ஆனால் ஊர் நின்றது. ரூஸ்வெல்ட் இறந்தபின் 1945-இல் அவர் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். வரைய வந்த ஷானும் பெர்னார்டாவும் 1939-இல் அங்கேயே ஒரு வீட்டில் குடியேறிவிட்டார்கள். கடைசிவரை அதுதான் அவர் ஊர். அவரைப் பார்த்து வேறு பல கலைஞர்களும் அங்கே வந்தார்கள்.

அடுத்தது பிராங்க்ஸ் தலைமை அஞ்சலகம், 1938-39. அவரும் பெர்னார்டாவும் சேர்ந்து 13 பலகங்கள் வரைந்தார்கள். முட்டைக்கருவில் குழைத்த டெம்பரா வண்ணம். பருத்தி பறிக்கிறவர்கள், நெசவுப் பெண், எஃகுத் தொழிலாளி, கோதுமை அறுக்கிறவர் என்று, அஞ்சல்தலை வாங்க வரும் நகரத்து மக்களுக்கு உழைக்கிற நாட்டைக் காட்டும் படங்கள். ஒரு பலகத்தில் கவிஞர் வால்ட் விட்மன் கரும்பலகை பக்கத்தில் நிற்கிறார். முதலில் எழுத நினைத்த விட்மன் வரிகள் மதத்துக்கு எதிரானவை என்று ஒரு கத்தோலிக்கப் பேராசிரியர் எதிர்ப்புக் கிளப்பினார். ஷான் அந்த வரிகளை எடுத்துவிட்டு விட்மனின் வேறு வரிகளை எழுதினார். இதற்காக அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. ரிவேராவின் சுவர் நொறுங்கியதைப் பார்த்தவர் அவர். சுவர் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தார். எனக்கு அது புரிகிறது.

தன் சுவர்களில் அவரே சிறந்ததாக நினைத்தது வாஷிங்டனில் சமூகப் பாதுகாப்புக்கான கட்டடத்தில் 1940-42இல் வரைந்தது. 375 பேர் கலந்துகொண்ட போட்டியில் ஜெயித்துப் பெற்ற வேலை. நீளமான நடைபாதையின் இரண்டு பக்கமும் படங்கள். ஒருபக்கம் குழந்தை உழைப்பு, வேலையில்லாமை, ஆதரவற்ற முதுமை. எதிர்ப்பக்கம் வேலை, குடும்பம், விளையாட்டு. ஊன்றுகோலோடு நிற்கிறவர்களையும் தண்டவாளத்தின் ஓரம் வெறுமனே உட்கார்ந்திருப்பவர்களையும் ஒருபக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால், மரச்சட்டத்தில் ஏறி வீடு கட்டும் தச்சர்களும் கூடைப்பந்தாடும் பையன்களும். ஜெர்சி ஊரின் வலதுபக்கத்தில் கைகூடாதது இங்கே கைகூடியிருக்கிறது. நல்ல வாழ்க்கையைக் காட்ட ஒரு தலைவரும் தேவைப்படவில்லை, வரைபடமும் தேவைப்படவில்லை. பந்துக்காக எம்பும் ஒரு கை போதுமாக இருந்தது.

போர்க்காலத்தில் அரசின் தகவல் அலுவலகத்துக்குப் பல போஸ்டர்கள் வரைந்தார்; இரண்டைத்தான் அச்சிட்டார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1942 ஜூனில் செக்கோஸ்லோவாக்கியாவின் லிடிட்சே கிராமத்து ஆண்களை நாஜிகள் கொன்று கிராமத்தையே அழித்தார்கள். ஷானின் போஸ்டரில் செங்கல் சுவர்களின் மூலையில் ஒரு மனிதன். தலையோடு முகத்தை மூடிய சாக்கு, கைகளில் விலங்கு. குறுக்கே தந்தி நாடா மாதிரி எழுத்துகள்: அந்தச் செய்தி. முகத்தையே காட்டாமல் அந்த மனிதனை நம் கண்முன் நிறுத்துவது எது என்று பார்த்தால், கைகள். கனமான, உழைத்துக் காய்த்த, இறுக மூடிய கைகள். எழுத்து, சுவர், மனிதன் என்று அவர் கற்ற மூன்றும் ஒரு தாளில்.

1947-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்கு முழுக் கண்காட்சி வைத்தது. நாற்பத்தொன்பது வயதில் அது பெரிய கௌரவம். அதற்கு அடுத்த ஆண்டில்தான் 'உருவகம்' என்ற பொருளில் தலைப்பிட்ட படத்தை வரைந்தார். சிகாகோவில் நெருக்கடியான குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்து, ஹிக்மன் என்ற கறுப்பினத் தொழிலாளியின் நான்கு குழந்தைகள் இறந்து போனார்கள். அந்தச் சம்பவத்தைப் பற்றி ஹார்ப்பர்ஸ் இதழில் வந்த கட்டுரைக்கு ஷான் படம் போட்டார். கட்டுரை முடிந்தும் தீ அவரை விடவில்லை. சின்ன வயதில் ஒரு தீ விபத்தில் அவருடைய அப்பா தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஏறி, பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்திருக்கிறார்; அவர் முகத்திலும் கைகளிலும் தழும்பு நின்றுவிட்டது. அது திரும்ப வந்தது. சிங்கம் போன்ற ஒரு மிருகம், பிடரி முழுக்கச் சிவந்த நெருப்பு, அதன் காலடியில் நான்கு குழந்தைகள்.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பெயர்பெற்ற நியூயார்க் விமர்சகர் ஒருவர், சிவப்பு மிருகம் என்றால் மாஸ்கோதான், ஷானை நாடு கடத்த வேண்டும் என்ற தொனியில் எழுதினார். எட்டு வயதில் வந்து, நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, நாட்டின் தலைநகரத்தில் சுவர் வரைந்தவரிடம் சொன்னது இது. நான்கு பிள்ளைகள் செத்துக் கிடப்பது அந்தக் கண்ணுக்குப் படவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஷான் பதில் சொன்ன விதம் அழகு. 1956-57இல் ஹார்வர்டில் நார்ட்டன் சொற்பொழிவுகள் ஆற்ற அழைத்தபோது, அந்தப் படம் எப்படி உருவானது என்று, அந்தத் தீயையும் அப்பாவின் கைகளையும் சேர்த்து, பொறுமையாக ஒரு முழு உரை பேசினார். சாக்கோ, வான்செட்டி விசாரணை சரி என்று எழுதிக் கொடுத்தவர் தலைமை வகித்த அதே ஹார்வர்ட்.

ஐம்பதுகளில் காற்று மாறிவிட்டது. உருவங்கள் இல்லாத அரூப ஓவியம்தான் ஓவியம் என்ற பேச்சு. 1954-இல் வெனிஸ் பியன்னாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் வில்லெம் டி கூனிங்கையும் ஷானையும் சேர்த்து வைத்தார்கள். ஒருவர் ஹாலந்திலிருந்து கப்பலில் ஒளிந்து வந்தவர், இன்னொருவர் லிதுவேனியாவிலிருந்து வந்தவர். அமெரிக்க ஓவியம் என்று உலகத்துக்குக் காட்ட அந்த நாட்டிடம் இருந்தது இந்த இரண்டு குடியேறிகள். உள்நாட்டிலோ எஃப்.பி.ஐ. அவர் பெயரில் கோப்பு வைத்திருந்தது. 1959-இல் நாடாளுமன்றத்தின் அமெரிக்க விரோதச் செயல்களுக்கான குழு அவரை அழைத்து விசாரித்தது. அரசியலமைப்பு தந்த உரிமையைச் சொல்லி, பதில் சொல்ல மறுத்துவிட்டு வந்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் 'லக்கி டிராகன்' வரிசை. 1954 மார்ச் 1 அன்று பிக்கினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், அந்தப் பெயர் கொண்ட ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் கொட்டியது. படகில் 23 பேர். வானொலி இயக்குபவர் ஐக்கிச்சி குபோயாமா அந்த செப்டம்பரில் இறந்தார். ஷான் குண்டை வரையவில்லை என்று சொல்லிவிட முடியாது. சில படங்களில் மேகத்துக்குள் ஒரு மிருகம் தெரிகிறது. ஆனால் மனதில் நிற்பது, தன் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து, தான் யார், தனக்கு என்ன நடந்தது என்று எழுதிய தாளைப் பிடித்திருக்கும் குபோயாமாதான். மீனவரின் பெயர் உலகத்துக்கு மறந்துபோகக்கூடாது என்று எழுத்தோடு சேர்த்து வரைந்திருக்கிறார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டீர்கள். 'ஹேண்ட்பால்', அப்புறம் சவப்பெட்டிப் படம், அப்புறம் லிடிட்சே போஸ்டர், அப்புறம் ஜெர்சி ஊர்ச் சுவரின் இடதுபக்கம். இந்த வரிசையில் பார்த்தால் போதும். புகைப்படங்களைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்த்தால் ஓவியங்களில் யார் எங்கிருந்து வந்தார் என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

நேரில் போகிற வாய்ப்பு வந்தால் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். அங்கே அவருடைய சுவர் ஒன்று இருக்கிறது; 1967-இல், அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு நிறுவியது. 1969 மார்ச் 14-இல் அவர் காலமானார். ஒரு வகுப்பறைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் 60 அடி நீளம், 12 அடி உயரத்துக்குக் கண்ணாடியும் பளிங்குமான மொசைக். சாக்கோவும் வான்செட்டியும் விலங்கோடு நிற்கிறார்கள், சவப்பெட்டிகளும் மூவர் குழுவும் பக்கத்தில். 1932-இல் கைக்கு அடங்கிய தாள்களில் வரைந்தவர்கள், முப்பத்தைந்து வருடம் கழித்து ஆளைவிட உயரமாக. கூடவே வான்செட்டி பேசிய வார்த்தைகள், ஷானின் கை எழுத்தில். பக்கத்தில் போய் நின்று அந்த எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள்.